செவ்வாய் ரோஸ் நிறமில்லை, அக்கா

நக்கோன் சவான்
மழை விட்டபாடில்லாத ஒரு வியாழக்கிழமை

பெரும் மதிப்புக்குரிய அக்கா சவீவானின் பாதங்களில் விழுந்து வணங்கித் தம்பி தாவோன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், சந்தை வாசலில் நீ ஜோசியம் பார்க்கிற மேசைக்குப் புதுக் குடை வந்திருக்கும் என்றும், கிரகங்கள் எல்லாம் வழக்கம்போல நீ சொன்னபடி கேட்டுக்கொண்டிருக்கும் என்றும் நம்புகிறேன். என்னிடம் ஒன்றுகூடச் சொன்னபடி கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

நீ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் என்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குங் சிங்கப்பூருக்குப் போகிறாள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை காத்திருக்கிறது. அவளும் மொட் என்கிற ஓவியனும் நம் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்காக விண்வெளியைப் பற்றி ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்களே, அதைத் தாமரை ஏரி அறக்கட்டளை எடுத்துக்கொண்டிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் டேப்லெட் கொடுப்பது அவர்கள்தான். எடுத்திருந்தால் ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளும் என் மகள் செய்ததில்தான் வானத்தைப் படித்திருப்பார்கள். அவளும் இங்கேயே இருந்திருப்பாள். குங்கின் அம்மா நோங்லக் கண்ணை மூடியபிறகு இந்த வீட்டில் பேச்சுக்குரல் என்று இருப்பது குங்குடையது மட்டும்தான், அக்கா. அவளும் போய்விட்டால் நான் குளிர்பதனப் பெட்டியோடுதான் பேச வேண்டும். காரியத்தைக் கெடுத்தது யார் என்று கேட்காதே. நான்தான்.

இரண்டு பேரும் வேலை செய்கிற இடத்துக்கு என்னை இழுத்துவிட்டது குங்தான். ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியாரைச் சும்மா மாடியில் வைத்திருந்தால் கெட்டுப்போய்விடுவான் என்று நினைத்தாளோ என்னவோ, "அப்பா, இனிமே நீங்கதான் எங்க அறிவியல் ஆலோசகர்" என்று சொல்லி ஒரு நாற்காலி போட்டாள். முதல் வேலையாகச் சனியின் வளையங்களைப் பற்றி எழுதச் சொன்னாள். ஆசையாக எழுதினேன். பனிக்கட்டி, தூசு, இடைவெளிகள், அவற்றை யார் எப்போது கண்டார்கள் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு பகல் முழுக்க ஆயிற்று. வாசித்துப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்குப்பா. ஆனா இது மூணு வரியில வேணும்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சனிக்கு வளையம் உண்டு. அது பனிக்கட்டி. போய்ட்டு வா. இப்படியா?" என்று கேட்டேன். "ஆமாப்பா, இதான், இதேதான்" என்று தட்டச்சு செய்துகொண்டாள். 'போய்ட்டு வா' உட்பட அந்த மூன்று வரிதான் செயலியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி வரிதான் மிகவும் பிடித்திருக்கிறதாம்.

பிறகு என் குரலைப் பதிவு செய்தார்கள். பக்கத்துக் கடை நூடுல்ஸ்காரியின் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினோம். நிலவில் ஈர்ப்பு விசை குறைவு என்கிற இடம் வருவதற்குள் சின்னவன் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டான். பெரியவள் மரியாதை தெரிந்தவள், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். அவர்களுடைய அம்மா வந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரய்யா, இந்தப் பாட்ட எனக்கும் ஏத்திக் குடுங்க. சின்னவன் மத்தியானம் படுக்கவே மாட்டேங்கிறான்" என்று கேட்டாள். குங் திரையின் மூலையில் 'தாண்டு' என்று ஒரு பொத்தான் வைத்தாள். பாடத்தைத் தாண்டிப் போகப் பொத்தானா என்று சண்டை போட்டு அதை எடுக்க வைத்தேன். மறுநாளே பிள்ளைகள் செயலியையே மூடிவிட்டு ஓடப் பழகிக்கொண்டார்கள். பொத்தான் திரும்பி வந்தது. முன்னைவிடப் பெரிதாக.

வழிகாட்டியாக ஒரு விலங்கு வேண்டும் என்றார்கள். நம் வயல் விலங்காயிற்றே என்று நான் எருமையைச் சொன்னேன். விண்வெளிச் சட்டை போட்ட எருமை. மொட் வரைந்தும்விட்டான், அழகாகத்தான் இருந்தது. அது பிள்ளைகளைப் பார்த்து, "வா, நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதி" என்று கூப்பிடும் என்று வசனம் எழுதினேன். குங் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, ஏழாவது படிக்கிற பிள்ளயப் பாத்து ஒரு எருமை இப்படிச் சொன்னா அது என்னப்பா நினைக்கும்?" என்றாள். எருமையைத் தூக்கிவிட்டுப் பூனையைப் போட்டார்கள். பூனைக்கு வசனம் எழுத என்னைக் கூப்பிடவில்லை.

மொட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். கைதேர்ந்த ஓவியன், குணம் தங்கம். ஆனால் உன் பக்கத்து ஆள். செயலியை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும், வாசலில் இருக்கிற காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்கு உறிஞ்சுகுழல் போட்டுச் சிவப்புச் சோடா வைக்கிறான். "எதுக்குப்பா இது?" என்றேன். "ஆப் மாட்டாம ஓடணும் வாத்தியாரே" என்றான். "செஞ்சதுலயே தப்பு இருந்தா?" என்றேன். "அப்ப ரெண்டு பாட்டில்" என்றான். இவனிடம்தான் நான் போய், கோள்களுக்கு ஒழுங்காக நிறம் அடிக்கச் சொன்னேன். "எந்தெந்த நிறம்னு குறிப்பு தர்றீங்களா?" என்று அவன் கேட்டான். கேட்கவில்லை என்று சொன்னால் எனக்குப் பாவம். "இதுக்கெல்லாமா குறிப்பு? எந்தக் கோளுக்கு எந்த நிறம்னு நம்ம ஊர்ல சின்னப் புள்ளக்கிக் கூடத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் அக்கா, என்னை இந்தக் கடிதம்வரை கொண்டுவந்து விட்டது. நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியுமோ அதை அவன் அடித்தான். ஞாயிறு சிவப்பு, திங்கள் மஞ்சள். செவ்வாய் ரோஸ். புதன் கிளிப்பச்சை. வியாழன் ஆரஞ்சு, வெள்ளி வெளிர்நீலம், சனி ஊதா. அதாவது அந்தந்தக் கிழமைக்கு ஊரே என்ன நிறத்தில் சட்டை போடுகிறதோ, அதையே அந்தந்தக் கோளுக்கும் மாட்டிவிட்டிருந்தான். கிழமையின் பெயரும் கோளின் பெயரும் ஒன்றுதானே என்பது அவன் கணக்கு. போதாததற்குப் புதன் இரண்டு இருந்தது. பச்சையாக ஒன்று, கறுப்பாக ஒன்று. "இது என்ன?" என்றேன். "புதன் ராத்திரி. அது ராகு. ராத்திரிக்குத் தனியாத்தானே வாத்தியாரே கணக்கு" என்றான். யுரேனஸும் நெப்டியூனும் சுண்ணாம்பு அடித்த பானைபோல வெள்ளையாக நின்றன. "அது ரெண்டுக்கும் கிழமை இல்லயே. அதான் லீவு மாதிரி விட்டுட்டேன்" என்றான்.

இதை நான் பார்ப்பதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. நான் பல் பிடுங்கப் போயிருந்த அன்று, அறக்கட்டளையிலிருந்து ஒரபின் என்கிற அம்மையார் வந்து, ஏரிக்கரைப் பள்ளி ஒன்றில் இந்தப் பதிப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லையாம். கோள்களின் வரிசையை விளையாட்டுப் போலப் பிடித்துக்கொண்டார்களாம். தன் பிறந்த கிழமைக் கோளில்தான் முதலில் இறங்குவேன் என்று ஆளாளுக்கு அடம் பிடித்தார்களாம். கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்தேன். குங் ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டு இதை எல்லாம் சொன்னாள் பார், அவள் அம்மா இருந்த காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அதே சூட்டில் டேப்லெட்டை என் கையில் கொடுத்தாள். நான் செவ்வாயைப் பார்த்தேன். பஞ்சுமிட்டாய்.

வாயில் பஞ்சு அடைத்திருந்ததால் அன்று சரியாகக் கத்த முடியவில்லை. அதனால் மறுநாள் கத்தினேன். குங், "அப்பா, அறக்கட்டளையோட இறுதிப் பார்வை முடியட்டும். மொதல்ல புள்ளைங்க உள்ள வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்றாள். பிள்ளைகளைப் பொய் சொல்லி உள்ளே கூப்பிட்டுவிட்டு மெய்யைப் பிறகு சொல்வது பாடம் நடத்துவது இல்லை, மீன் பிடிப்பது என்றேன். பெரிய வாக்கியமாகப் பேசிவிட்டேன் என்று அப்போது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. அவள் மொட்டிடம் திரும்பி, "அப்பா சொல்றபடி மாத்திடு" என்றாள். செவ்வாயைத் துரு நிறமாக்கினோம். புதன் சாம்பல், வெள்ளி வெளிறிய மஞ்சள். வியாழனுக்குப் பட்டை பட்டையாகப் பழுப்பு. ராகுவைத் தூக்கினோம். மொட் ராகுவை அழிக்கும் முன் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். தப்பான விடைக்குத் தண்டனை வேண்டும் என்றும் நானே சொன்னேன். ஒவ்வொரு தப்புக்கும் ஐந்து மதிப்பெண் போகும், போனது திரையில் பெரிதாக வரிசையில் நிற்கும்.

இறுதிப் பார்வைக்கு அவர்கள் குறித்தது செவ்வாய்க்கிழமை. நீ இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பாய். வகுப்பில் டீச்சர் ரோஸ் சட்டை. ஒரபின் அம்மையார் ரோஸ் பட்டு. கதவோரம் நின்ற காவலாளிகூட ரோஸ். காலையில் இருந்த பதற்றத்தில் கை தானாகப் போய் எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் வந்திருந்தேன், அதுவும் ரோஸ். திரையில் பூனை வந்து, செவ்வாய் என்ன நிறம் என்று கேட்டது. போன தடவை அதே பூனையிடம் பாடம் கேட்ட வகுப்பு, அக்கா. ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் ரோஸைத் தொட்டது. வகுப்பு முழுக்கத் தப்பு மணி அடித்தது. வெள்ளி என்ன நிறம்? வெளிர்நீலம். தப்பு. சனி? ஊதா. தப்பு. மூன்று தப்பு ஆனதும் எல்லாத் திரையிலும் ஐந்து ஐந்து ஐந்து என்று வந்து நின்றது. நம் நாட்டு மொழியில் ஐந்துக்கு 'ஹா' என்று பெயர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் சிரிப்பதற்கே மூன்று ஐந்தைத்தான் போடுகிறார்கள். எனக்கும் அது தெரியும். யோசிக்கவில்லை.

முன்வரிசையில் குட்டை முடிப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், இது எங்களப் பாத்து ஹா ஹா ஹான்னு சிரிக்குது" என்றாள்.

"சிரிக்கலம்மா. மார்க் போயிருக்கு. செவ்வாய் ரோஸ் இல்ல, துரு நிறம். அங்க மண்ணுல இருக்கிற இரும்பு துருப்பிடிச்சுக் கிடக்கு."

"போன வாட்டி இதே பூனைதான் சார் ரோஸ்னு சொல்லிச்சு."

"பூனை தப்பாச் சொல்லிடுச்சு."

"அப்ப நீங்க ஏன் சார் ரோஸ் சட்டை போட்டிருக்கீங்க?"

"அது கிழமைக்கும்மா."

"கிழமைக்கும் கோளுக்கும் ஒரே பேரு, ஆனா வேற கலரா? யார் சார் அப்படி முடிவு பண்ணது?"

இத்தனை காலம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற நான், சாக்பீஸைத் தேடி ரோஸ் சட்டைப் பையில் கையை விட்டேன். பின்வரிசையில் யாரோ, "ஹா ஹா ஹா" என்று மெதுவாக வாசித்தான். அடுத்த வரிசை வாங்கிக்கொண்டது. டீச்சர் அதட்ட அதட்ட வகுப்பு முழுக்க ஐந்து ஐந்து ஐந்து என்று முழங்கியது. அதற்குப் பிறகு 'தாண்டு' பொத்தானைத் தவிர வேறு எதையும் எவரும் தொடவில்லை. குங் சுவரோரம் நின்று டேப்லெட்டுகளை எண்ணுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளை அந்த நிலையில் நிறுத்திய கை என் கை.

ஒரபின் அம்மையார் நல்ல மனுஷி. எங்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "பழசையே குடுங்க வாத்தியாரய்யா. அதுல பிள்ளைங்க உசிரா இருந்தாங்க. நாங்க எடுத்துக்கறோம்" என்றார். "அதுல நிறம் எல்லாம் தப்பும்மா" என்றேன். "அப்படிங்களா? எனக்கு அதெல்லாம் தெரியாது. அறிவியல் ஆலோசகர் எல்லாம் சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா எங்களுக்குப் போதும்" என்று ஒரு தாளை நீட்டினார். உண்மை நிறம் வேறு என்று ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "சரின்னா சரி, இல்லன்னா இல்ல. நடுவுல எழுத அதுல எடம் விடலீங்களே" என்றார்.

திரும்பி வரும் வழியில் குங் வண்டியை நிறுத்திச் சுட்ட பன்றிக்கறிக் குச்சியும் ஒட்டரிசிச் சோறும் வாங்கினாள். கறி கருகாத குச்சியாகப் பார்த்து என் பக்கம் வைத்தாள். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அன்றும் கேட்கவில்லை, நேற்றும் கேட்கவில்லை. இன்று காலை பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் போட மாட்டேன், அக்கா. இதை உனக்கு எழுதி வைத்துவிட்டால் பிறகு மாற மாட்டேன் என்றுதான் எழுதுகிறேன். செவ்வாய் ரோஸ் என்று என் பெயரை வைத்து எழுதிக் கொடுத்தால், இத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் நான் போட்ட அத்தனை பெருக்கல் குறியும் எழுந்து வந்து என்னைக் கேட்கும். என்னிடம் மிச்சம் இருப்பது இந்த ஒரு பிடிவாதம்தான். அது மகளைவிடப் பெரிதா என்று கேட்பாய். கேட்காதே. அந்தக் கேள்வியோடுதான் இரண்டு நாளாக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒரு உதவி. அவள் புறப்பட ஒரு நல்ல நாள் பார்த்து எழுது. உன் தொழிலில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சந்தையில் சொல்லிக்கொண்டு திரியாதே, வரவில்லை. ஆனாலும் விமானம் ஏறுகிற பிள்ளை, எதற்கும் இருக்கட்டும். அவளே உனக்குப் போன் செய்தால் சனி குறுக்கே வருகிறான், ராகு வாயைப் பிளக்கிறான் என்று எதையாவது சொல்லி நிறுத்திவிடாதே. நீ சொன்னால் அவள் நின்றுவிடுவாள். நின்றால் எனக்கு... வேண்டாம், நிறுத்தாதே. நல்லபடியாகப் போய் வரட்டும் என்று சொல்.

மழைக்கு முழங்காலில் கம்பளி சுற்றிக்கொள். தூரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் தலையெழுத்தைப் படிக்கிற நீ, தம்பி தலையெழுத்தையும் ஒருநாள் சும்மா எடுத்துப் பார். புத்தரும் தர்மமும் சங்கமும் உனக்குத் துணையிருந்து, நீண்ட ஆயுளும் நல்ல கண்பார்வையும், முன்பணம் கொடுக்கிற வாடிக்கைக்காரர்களும் தரட்டும். நம் ஊர் மொச்சி இனிப்பு ஒரு பெட்டி தனியாக அனுப்புகிறேன். இனிப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதை நான் உனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

என்றும் உன் வணக்கத்துக்குரிய கால்களை மறவாத,
தம்பி தாவோன்
(அறிவியல் ஆலோசகர், இந்த வாரம் வரை)

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபால்தலை கேட்கக் கீழே இறங்கினேன். குங் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரபின் அம்மையாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா கையெழுத்துப் போட மாட்டாங்கம்மா. நானும் கேக்க மாட்டேன். தப்பைச் சரின்னு சொல்லாதன்னு சொல்லித்தான் என்னை வளத்திருக்காரு, அவர்கிட்டயே போய் நான் எப்படி அதைக் கேக்கறது? நீங்க வேற யாராவது செஞ்சதை எடுத்துக்கங்கம்மா." பாதிப்படியில் நின்று இதைக் கேட்டேன். மேலே திரும்பிப் போனேன். அம்மையார் கொடுத்தனுப்பிய தாளை எடுத்து, எல்லாம் சரி என்பதற்குக் கீழே முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னப்பா இது?"

"கையெழுத்து."

"செவ்வாய் ரோஸா?"

"ரோஸ்தான்."

"புதன் எத்தனைப்பா?"

"ரெண்டு. பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மொட் மின்விசிறியை என் பக்கம் திருப்பினான். பிறகு தயங்கித் தயங்கி, "கோள் உள்ள துரு நிறமாவே இருக்கட்டும், மேல ரோஸ் சட்டை மாட்டிவிட்டா என்ன வாத்தியாரே? கழட்டுனா உண்மை கலர் தெரியட்டும்" என்றான். அதைவிட நல்ல யோசனையை இந்தக் கீழ்த்தளம் இதுவரை கேட்டதில்லை. குங் அதைக் காதில் வாங்கவில்லை. சிங்கப்பூருக்குப் போன் போட்டு, வர முடியாது, வீட்டில் அப்பாவுக்குச் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "செவ்வாய் ரோஸ்னு கையெழுத்துப் போடற மனுஷனை வீட்டுல தனியா விட்டுட்டு நான் எப்படிப்பா போறது?" என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஆகவே நல்ல நாள் பார்க்க வேண்டாம். அவர்கள் இருவரும் கீழே செவ்வாய்க்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை என்னை ஞாபகசக்தி டாக்டரிடம் கூட்டிப் போகிறாள். இன்றைக்கு என்ன கிழமை என்றுதான் முதலில் கேட்பாராம். தப்பாகச் சொல்வதாக இருக்கிறேன்.